சிஜிஎம் அலாரம் சரியான நேரத்தில் அடிக்க: அமைப்பது, சோதிப்பது, அடித்ததும் செய்ய வேண்டியது

சிஜிஎம் என்பது உடம்பில் சர்க்கரை அளவை நாள் முழுதும் தொடர்ந்து பார்க்கும் கருவி. கையில் ஒட்டியிருக்கும் அதன் சென்சார் சர்க்கரை இறங்குவதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தச் செய்தி உங்கள் காதுக்கு வந்து சேர வேண்டுமானால், அது ப்ளூடூத் வழியாகப் போனுக்குப் போக வேண்டும், ஆப் தூங்காமல் இருக்க வேண்டும், போன் சத்தம் போட வேண்டும், அந்தச் சத்தத்துக்கு நீங்கள் எழவும் வேண்டும். இதில் ஏதாவது ஒன்று அறுந்தாலும் அறை அமைதியாகத்தான் இருக்கும். சர்க்கரை நன்றாக இருக்கும் ராத்திரியும் அமைதி, அலாரம் செத்துப்போன ராத்திரியும் அமைதி. படுத்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் அலாரத்தை ஆன் செய்வதோடு வேலை முடிவதில்லை. அது அடிக்கிறதா என்று அடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

கீழே வரும் எண்கள் எல்லாம் மி.கி/டெ.லி அலகில் உள்ளவை. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடாவில் இருப்பவர்களின் கருவி மில்லிமோல் கணக்கில் காட்டும். இங்குள்ள எண்ணை 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 70 என்றால் 3.9, 55 என்றால் 3.1, 250 என்றால் 13.9.

உங்கள் கருவியில் அலாரம் இருக்கிறதா?

கேட்கவே தேவையில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் டாக்டர் 14 நாளுக்கு ஒட்டி அனுப்பும் லிப்ரே ப்ரோவில் அலாரம் கிடையாது. அது அளவுகளைச் சேமித்து வைக்கும், கிளினிக்கில் எடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். முதல் தலைமுறை ஃப்ரீஸ்டைல் லிப்ரேயும் தானாக அடிக்காது, ஸ்கேன் செய்தால்தான் எண் காட்டும். ‘சென்சார் ஒட்டியிருக்கிறார், இறங்கினால் தெரிந்துவிடும்’ என்று வீட்டில் எல்லோரும் நம்பித் தூங்குவது இந்த இரண்டிலும் ஆபத்து.

லிப்ரே 2இல் அலாரம் உண்டு. போன், ரீடர் (அளவைக் காட்டும் தனிக் கருவி) இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு அதில் ஒரு நுணுக்கம்: அலாரம் ஒரே இடத்துக்குத்தான் வரும். ரீடரில் சென்சாரைத் தொடங்கிவிட்டு, பிறகு போனிலும் ஸ்கேன் செய்தால், போனில் எண் தெரியும், ஆனால் அலாரம் ரீடரில்தான் அடிக்கும். ரீடர் ஹாலில் கைப்பைக்குள் கிடக்க, போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குபவருக்கு எதுவும் கேட்காது. எதில் அலாரம் வேண்டுமோ அதிலேயே சென்சாரைத் தொடங்குங்கள். டெக்ஸ்காம் ஜி6, ஜி7 கருவிகளில் போனையும் ரிசீவரையும் (ரீடர் போன்ற தனிக் கருவி) ஒரே நேரத்தில் இணைக்கலாம்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் தாழ் அலாரம் கட்டாயம் வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. அவர் அலாரங்களைக் குறைத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

எந்த எண்ணில் அடிக்க வேண்டும்?

70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் மூளைக்குச் சர்க்கரை போதாமல் குழப்பம், தள்ளாட்டம் வரக்கூடிய கட்டம். டெக்ஸ்காம் ஜி6, ஜி7 இரண்டிலும் 55இல் அடிக்கும் அவசர அலாரத்தின் அளவை மாற்ற முடியாது, நிரந்தரமாக அணைக்கவும் முடியாது. ஆனால் ஜி7இல் எல்லா ஒலியையும் 6 மணி நேரம் வரை அடக்கும் வசதி இருக்கிறது. மீட்டிங்குக்கோ கச்சேரிக்கோ அதைப் போட்டவர்கள், வெளியே வந்ததும் எடுத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். மாலை 7 மணிக்குப் போட்டால் நள்ளிரவு 1 மணி வரை நீடிக்கும்.

அவசர அலாரம் கடைசித் தடுப்பு. நீங்கள் உண்மையில் நம்பியிருக்க வேண்டியது அதற்கு முன்னால் அடிக்கும் தாழ் அலாரத்தைத்தான். பெரும்பாலும் அது 70இல் வைக்கப்பட்டு வரும். அது போதுமா என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நிமிடத்துக்கு 2 மி.கி வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 70இல் அலாரம் அடித்தால் 55ஐத் தொட 7 முதல் 8 நிமிடம்தான் இருக்கிறது. 80இல் அடித்தால் 12 முதல் 13 நிமிடம் கிடைக்கும். வாயில் போட்ட குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறி வேலை செய்யப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இதோடு இன்னொன்றையும் கூட்டுங்கள். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் செல்களுக்கு இடையில் இருக்கும் திரவத்தை அளக்கிறது. அது ரத்தத்தைவிட ஏறக்குறைய 5 முதல் 10 நிமிடம் பின்தங்கி வரும். அதே வேகத்தில் இறங்கும்போது திரையில் 80 தெரிந்தால் ரத்தத்தில் அது ஏற்கெனவே 60ஐ நெருங்கியிருக்கலாம். அதனால் ராத்திரிக்கு 80 என்று வைப்பதே எங்கள் பரிந்துரை. தனியாக இருப்பவர்கள், வயதானவர்கள், நடுக்கம் வியர்வை எதுவும் இல்லாமலேயே இறங்கிவிடும் பழக்கமுள்ளவர்கள் பகலிலும் 80 வைப்பது நல்லது. பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும், ஆனால் வியர்வையை அவ்வளவாக மறைக்காது. அதைச் சாப்பிடுபவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் வருவார்கள்.

கர்ப்பிணிகளின் இலக்கே வேறு: 63 முதல் 140. அவர்கள் தாழ், உயர் எண்கள் இரண்டையும் டாக்டரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

திரையில் எண்ணோடு காட்டும் அம்புக்குறியைப் பார்க்கும் பழக்கமும் எண்ணைப் பார்க்கும் பழக்கத்துக்குச் சமமாக வளர வேண்டும். லிப்ரேயில் நேராகக் கீழே காட்டும் அம்பு என்றால் நிமிடத்துக்கு 2 மி.கிக்கு மேல் இறங்குகிறது. டெக்ஸ்காமில் ஒற்றை அம்பு கீழே என்றால் 2 முதல் 3, இரட்டை அம்பு என்றால் 3க்கும் மேல். இரட்டை அம்போடு 120 என்று தெரிந்தால் அது நல்ல எண் அல்ல, 17 நிமிடத்தில் 70. டெக்ஸ்காமில் 20 நிமிடத்துக்குள் 55ஐத் தொடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் அலாரம் இருக்கிறது. அதை ஆனில் வைத்திருங்கள். எல்லா அலாரங்களிலும் அதிகம் உதவுவது அதுதான்.

உயர் அலாரத்தில் பலரும் செய்யும் தவறு, முதல் நாளே 180 என்று வைப்பது. இட்லி சாப்பிட்டாலும் அடிக்கும், காபி குடித்தாலும் அடிக்கும். மூன்றாம் நாள் எரிச்சலில் ஒலியையே குறைத்துவிடுவார்கள், அதோடு தாழ் அலாரமும் சேர்ந்து ஊமையாகும். நச்சரிக்கும் அலாரம் உயிருக்கு ஆபத்து என்று நாங்கள் சொல்வது இதனால்தான். 250இல் தொடங்குங்கள். ‘இவ்வளவு நேரம் தொடர்ந்து மேலே இருந்தால் மட்டும் அடி’ என்று தாமதம் வைக்கும் வசதி இருந்தால் 1 முதல் 2 மணி நேரம் போடுங்கள். இரண்டு வாரத்தில் அலாரம் அரிதாகிவிட்டால் 220, பிறகு 200 என்று இறக்கலாம். வேகமாக ஏறுவதைச் சொல்லும் அலாரத்தை முதல் மாதம் அணைத்தே வையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறத்தான் செய்யும்.

தாழ் அலாரத்துக்கும் உயர் அலாரத்துக்கும் வேறு வேறு ஒலி வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் எதற்கு அடிக்கிறது என்று காதே சொல்லிவிட வேண்டும்.

போன்: சங்கிலி அதிகம் அறுவது இங்கேதான்

போன் அமைப்புகளால் நீரிழிவுக் கருவிகளின் அவசர அலாரங்கள் கேட்காமல் போவதைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் தனியாக ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. ஹெட்செட் மாதிரி புதிதாக ஒன்றை இணைத்ததும் ஒலி மாறிப்போவது, மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு அனுமதிகள் கலைவது, ஆப் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவது ஆகியவை அதில் சொல்லப்பட்டவை. மாதம் ஒருமுறையாவது அலாரம் அமைப்புகளைச் சரிபார்க்கச் சொல்கிறது அந்த எச்சரிக்கை.

ஐபோன் வைத்திருப்பவர்கள்: செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், உங்கள் சிஜிஎம் ஆப் என்று போய் நோட்டிஃபிகேஷன், ஒலி, ‘கிரிட்டிகல் அலர்ட்ஸ்’ மூன்றும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதுதான் சைலன்ட் பட்டனையும், தூங்கும் நேரத்து ஃபோகஸையும் தாண்டி ஒலிக்க வைக்கும். முதலில் ஆப் போடும்போது அனுமதி கேட்ட இடத்தில் அவசரமாக ‘வேண்டாம்’ என்று தட்டியிருந்தால் இங்கேதான் திருத்த வேண்டும்.

ஆண்ட்ராய்டில் வேலை கொஞ்சம் அதிகம், அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

1. செட்டிங்ஸில் ஆப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று வையுங்கள். ‘ஆப்டிமைஸ்டு’ என்று இருந்தால் ராத்திரி திரை அணைந்த பிறகு போன் ஆப்பைத் தூங்க வைத்துவிடக்கூடும்.
2. அதே பக்கத்தில், பயன்படுத்தாத ஆப்பை நிறுத்திவைக்கும் வசதியை அணையுங்கள்.
3. சாம்சங்கில் தூங்க வைக்கக் கூடாத ஆப்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும். ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ அல்லது பின்னணியில் இயங்கும் அனுமதியைத் தேடிப்பிடித்துக் கொடுக்க வேண்டும்.
4. ‘டூ நாட் டிஸ்டர்ப்’பைத் தாண்டும் அனுமதி கொடுங்கள். லிப்ரே ஆப்பில் ஒவ்வோர் அலாரத்துக்கும் இது தனித்தனியாக இருக்கும். ஒன்றில் கொடுத்துவிட்டு மற்றதில் மறந்துபோவது சகஜம்.
5. ‘நியர்பை டிவைசஸ்’ அனுமதி வேண்டும். பழைய ஆண்ட்ராய்டில் இதற்குப் பதிலாக லொகேஷன் அனுமதியைக் கேட்கும். ‘எதற்கு என் இடம்?’ என்று மறுத்தால் ப்ளூடூத் இணைப்பு கிடைக்காது.

எந்தப் போனாக இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களை மேலே தள்ளி மூடும் கைப்பழக்கம் இருந்தால் அதில் சிஜிஎம் ஆப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அதை மூடினால் அலாரமும் மூடிக்கொள்ளும். போனை அணைத்துப் போட்டால் ஆப்பை ஒருமுறை கையால் திறந்து பாருங்கள். தானியங்கி மென்பொருள் அப்டேட்டை அணைத்துவிட்டு, பகலில் நேரம் இருக்கும்போது நீங்களே போடுங்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்குபவர்கள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தால் மட்டும் போதாது, இணைப்பையும் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேஜையில் கிடக்கும் ஹெட்செட்டுக்குள் அலாரம் முனகிக்கொண்டிருக்கலாம்.

ராத்திரி போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். சத்தம் அமுங்கும், போன் சூடாகும். பக்கத்து ஸ்டூலில், சார்ஜில், ஒலி முழு அளவில் இருக்கட்டும். கரண்ட் போகும் ஊரானால் படுக்கும்போதே போன் சார்ஜ் விடியும்வரை தாங்குமா என்று பாருங்கள்.

ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் பாதி இல்லை, ஆனால் ஒலிபெருக்கி அதிலும் கெடும். டெக்ஸ்காம் ரிசீவர்களில் ஒலிபெருக்கி பழுதால் அலாரம் கேட்காமல் போகலாம் என்று 2025இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. சார்ஜில் போடும்போது ஒலியையும் அதிர்வையும் ஒருமுறை சோதித்துவிட்டு வையுங்கள்.

அடித்துப் பார்க்கும் சோதனை

இதற்குக் காலை வெறும்வயிற்றுச் சர்க்கரை 100க்குச் சற்றுக் கீழே இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். திரையில் 92 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தாழ் அலாரத்தின் இப்போதைய எண்ணைத் தாளில் எழுதுங்கள். பிறகு அதை 100க்கு ஏற்றுங்கள். லிப்ரே 2இல் 100தான் உச்சம், ஜி7இல் 150 வரை போகலாம். போனை ராத்திரி வைக்கும் இடத்திலேயே, ராத்திரி இருக்கும் நிலையிலேயே வையுங்கள்: சைலன்ட், டூ நாட் டிஸ்டர்ப், திரை அணைந்து, சார்ஜில். ஐந்து பத்து நிமிடம் காத்திருங்கள். ஃபேன் முழு வேகத்தில் ஓடட்டும், ஏசி இருந்தால் அதுவும் ஓடட்டும். கதவைச் சாத்திவிட்டு, எழுந்து வந்து உதவ வேண்டியவர் படுக்கும் அறையிலிருந்தும் கேட்கிறதா என்று பாருங்கள். கையில் ஸ்மார்ட்வாட்ச் கட்டினால், கட்டியபடி ஒருமுறையும் கழற்றிவிட்டு ஒருமுறையும் செய்யுங்கள். சில அமைப்புகளில் அறிவிப்பு வாட்சுக்குப் போய்விட்டுப் போன் அமைதியாகிவிடும்.

முடிந்ததும் எண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தாளில் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

உயர் அலாரத்தை இறக்கிவைத்துச் சோதிப்பது எளிதாக இருக்கும், ஆனால் அது அடித்தால் தாழ் அலாரமும் அடிக்கும் என்று பொருளில்லை. இரண்டின் அனுமதிகளும் வேறாக இருக்கலாம்.

சிக்னல் அறுந்தால்

லிப்ரே 2, ஜி6 இரண்டும் சுமார் 6 மீட்டர், லிப்ரே 3, ஜி7 சுமார் 10 மீட்டர் என்பது நடுவில் எதுவும் இல்லாதபோது கிடைக்கும் தூரம். சுவர் குறைக்கும், உங்கள் உடம்பே குறைக்கும். இடது கையில் சென்சார் ஒட்டி, வலது பக்கம் திரும்பிப் படுத்தால் பிரச்சினையில்லை. அந்தக் கை உடம்புக்கு அடியில் போனால் சிக்னல் தடுமாறும். 20 நிமிடம் இணைப்பு இல்லையென்றால் சிக்னல் லாஸ் அலாரம் வரும். ‘சும்மா தொந்தரவு’ என்று பலரும் முதலில் அணைப்பது இதைத்தான். தயவுசெய்து அணைக்காதீர்கள். மற்ற அலாரங்கள் வேலை செய்யவில்லை என்று சொல்ல இருக்கும் ஒரே அலாரம் அது. இணைப்பு திரும்பியதும் விடுபட்ட அளவுகள் வரைபடத்தில் வந்து நிரம்பும், ஆனால் நடந்து முடிந்த இறக்கத்துக்கு யாரும் உங்களை எழுப்பியிருக்க மாட்டார்கள்.

புதிய சென்சார் ஒட்டிய பிறகு அது தயாராகும் (வார்ம்-அப்) நேரத்தில் அலாரம் இல்லை: லிப்ரே 2இல் 60 நிமிடம், ஜி7இல் 30 நிமிடம், ஜி6இல் 2 மணி நேரம். முதல் நாள் அளவுகளும் ஆடும். ஆகவே சென்சார் மாற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பழையது ராத்திரி 2 மணிக்கு முடியப்போகிறது என்றால் காத்திருக்காமல் அன்று பகலிலேயே மாற்றிவிடுங்கள். சில மணி நேரம் வீணானால் ஆகட்டும்.

பொய் அலாரமும், அடிக்காத அலாரமும்

சென்சார் இருக்கும் கையின்மேல் படுத்தால் அங்கிருந்து திரவம் பிதுங்கி வெளியேறி, அளவு பொய்யாக இறங்கும். வரைபடத்தில் இதன் உருவம் தனி: சமமாக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று பள்ளத்தில் விழும், நீங்கள் புரண்டதும் அதே வேகத்தில் மேலே வந்துவிடும். உண்மையான இறக்கம் இப்படிச் செங்குத்தாக விழுந்து செங்குத்தாக எழுவது அரிது. அடிக்கடி நடந்தால் அடுத்த சென்சாரை வழக்கமாகப் படுக்கும் பக்கத்துக்கு எதிர்க்கையில், மேல்கையின் பின்புறம் ஒட்டுங்கள். ஆனால் அலாரம் அடிக்கும் அந்த நேரத்தில் ‘கைமேல் படுத்திருப்பேன்’ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்கக் கூடாது. குளுக்கோமீட்டரால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் உண்மை என்றே எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் சாப்பிட வேண்டும். பொய்யாகப் போனால் 15 கிராம் சர்க்கரை கூடுதல், அவ்வளவுதான்.

இதைவிடப் பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கத் தவறு: உண்மையில் இறங்கியிருக்க, சென்சார் மேலே காட்டுவது. லிப்ரே 2இல் ஒரு நாளைக்கு 500 மி.கிக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் அளவு பொய்யாக ஏறும். கடைகளில் கிடைக்கும் சப்பும் மாத்திரை ஒன்றே 500 மி.கி, தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகளில் பல 1000 மி.கி. சளிக்கு நாலு நாள் அதைச் சப்பிக்கொண்டிருப்பவரின் தாழ் அலாரத்தை நம்ப முடியாது. பாராசிட்டமால் டெக்ஸ்காம் ஜி6, ஜி7இல் 6 மணி நேரத்துக்கு 1 கிராம் வரை பரவாயில்லை. 650 மாத்திரை ஒன்று சரி, இரண்டாகப் போட்டால் வரம்பு தாண்டும். மெட்ரானிக் கார்டியன் சென்சார்களில் சாதாரண அளவே எண்ணை ஏற்றிக் காட்டக்கூடும். ஹைட்ராக்ஸியூரியா எடுப்பவர்கள் டெக்ஸ்காமின் எண்ணை நம்பக் கூடாது.

உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் குளுக்கோமீட்டரால் விரலில் குத்திப் பாருங்கள். கையைக் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள், மாம்பழம் நறுக்கிய விரல் பொய் சொல்லும். பொதுவாகச் சொல்லும் கணக்கு: மீட்டர் 100க்குக் கீழே காட்டினால் 20 எண் வரையிலும், 100க்கு மேலே காட்டினால் 20 சதவீதம் வரையிலும் வித்தியாசம் ஏற்கத்தக்கது. அம்பு மேலேயோ கீழேயோ நோக்காமல் பக்கவாட்டில் இருக்கும்போது ஒப்பிட்டால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். திரும்பத் திரும்ப இதைத் தாண்டினால் அந்தச் சென்சாரைக் கழற்றிவிடுங்கள்.

ராத்திரி 2 மணிக்கு அடித்தால்

இதற்கான ஏற்பாடு பகலில் நடக்க வேண்டும். சமையலறைத் தராசில் குளுக்கோஸ் பவுடரை 15 கிராம், 15 கிராமாக நிறுத்து நான்கு சின்ன டப்பாக்களில் போடுங்கள். ஸ்பூன் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், குவித்தால் ஒன்று, தட்டினால் ஒன்று. இரண்டு டப்பா, மூடியுள்ள தண்ணீர் பாட்டில், மீட்டர், ஸ்ட்ரிப், விரலில் குத்தும் ஊசி எல்லாம் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். மீதி இரண்டு கைப்பையில். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, அந்த மாத்திரை அதை உடையவிடாமல் தடுக்கும். அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும்.

அலாரம் அடித்ததும்:

1. எழுந்து உட்காருங்கள், விளக்கைப் போடுங்கள். படுத்தபடியே தட்டி அணைப்பவர்கள் மறுபடி தூங்கிவிடுவார்கள். ஒருமுறை அணைத்துவிட்டால் சில கருவிகள் அதே இறக்கத்துக்கு அரை மணி நேரம் கழித்தே திரும்ப அடிக்கும்.
2. எண்ணையும் அம்பையும் பாருங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தால் மீட்டரைத் தேட வேண்டாம், நேராக 3க்குப் போங்கள். அறிகுறி இல்லை, மீட்டர் கையில் இருக்கிறது என்றால் குத்திப் பாருங்கள்.
3. 70க்குக் கீழே என்றால் ஒரு டப்பாவை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். குழந்தைகளுக்கு எடைக் கணக்கு, கிலோவுக்கு 0.3 கிராம்: 20 கிலோ குழந்தைக்கு 6 கிராம். சாக்லேட், பால், பிஸ்கட் இந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பும் மாவும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.
4. 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். சென்சார் இன்னும் கீழே காட்டும், அம்பும் கீழே நோக்கும், ஏனென்றால் அது பின்தங்கி வருவது. அதைப் பார்த்துப் பயந்து இரண்டாவது, மூன்றாவது டப்பாவைக் குடித்தவர்களுக்குத்தான் விடியற்காலை 300இல் உயர் அலாரம் அடிக்கிறது. மீட்டர் 70க்குக் கீழே காட்டினால் மட்டும் இன்னொரு டப்பா.
5. மேலே வந்த பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஒரு இட்லியோ ஒரு டம்ளர் பாலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நினைவில்லாமல் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தமிழ்நாட்டில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் அழைக்க வேண்டும். டாக்டர் குளுகோகான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் போடக் கற்றவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். பதற்றத்தில் பெரும்பாலான வீடுகளில் கை முதலில் சர்க்கரை டப்பாவுக்குத்தான் போகும். இதை முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லி வையுங்கள்.

உயர் அலாரம் அடித்தால் உடனே ஊசி போட வேண்டாம்

சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 260 என்று அடிக்கிறது. சாப்பாட்டுக்கு முன் போட்ட வேக இன்சுலின் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு வேலை செய்யும். ரெகுலர் இன்சுலின் அதைவிட நீண்ட நேரம் இருக்கும். எண்ணைப் பார்த்துப் பதறி மேலே ஒரு ஊசி போட்டால் இரண்டும் சேர்ந்து மூன்றாவது மணி நேரத்தில் தாழ் அலாரத்தை அடிக்க வைக்கும். 30/70 கலவை இன்சுலினை இப்படித் திருத்த ஊசியாகப் போடவே கூடாது. தண்ணீர் குடியுங்கள், நடக்க முடிந்தால் கொஞ்சம் நடங்கள், அடுத்த அளவைப் பாருங்கள். டைப் 1 உள்ளவர்களுக்கு 250க்கு மேல் இறங்காமல் நின்றால், வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால், கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். இன்சுலின் பம்ப் வைத்திருந்தால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு

அம்மா மதுரையில், மகன் டொரன்டோவில். அணிந்திருப்பவரின் அளவைத் தங்கள் போனில் டெக்ஸ்காமில் 10 பேர் வரையிலும், லிப்ரேக்கான லிப்ரேலிங்க்அப் ஆப்பில் 20 பேர் வரையிலும் பின்தொடரலாம். நல்ல வசதி. ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் இணையம் வேண்டும், நடுவில் சர்வர் வேண்டும். 2019 நவம்பர் 30 அன்று டெக்ஸ்காம் ஃபாலோ சேவை முடங்கியபோது, பிள்ளைகளின் அளவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு எதுவும் போகவில்லை. அணிந்திருந்தவர் போனில் மட்டும் வழக்கம்போல் ஓடியது. ஆகவே முதல் அலாரம் அணிந்திருப்பவர் பக்கத்திலேயே அடிக்க வேண்டும், தூரத்து அலாரம் இரண்டாவது. பின்தொடர்பவரின் போனிலும் மேலே சொன்ன அனுமதிகள் எல்லாம் தனியாகக் கொடுக்க வேண்டும். ‘அடித்தால் யார் போன் செய்வது, எடுக்காவிட்டால் எந்தப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவது’ என்று பேசி முடிவு செய்து, அந்த எண்ணைச் சேமித்து வையுங்கள். பத்து பேர் பார்த்தால் பத்து பேரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைப்பார்கள். ஒருவருக்குப் பொறுப்பு கொடுங்கள்.

வண்டி, விரதம், விமானம்

வண்டி எடுக்கும் முன் 90க்கு மேல் இருக்க வேண்டும், அம்பு கீழே பார்க்கக் கூடாது. ஓட்டும்போது அடித்தால் ஓரங்கட்டி, சாவியை அணைத்து, குளுக்கோஸ் சாப்பிட்டு, அளவு திரும்பிய பிறகும் 45 நிமிடம் காத்திருந்தே கிளம்புங்கள். எண் ஏறியவுடன் மூளை முழுதாகத் தெளிந்துவிடாது.

ரமலான் நோன்பு இருப்பவர்கள் 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ நோன்பை முறிக்க வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். சஷ்டி, ஏகாதசி விரதத்துக்கும் அதே எண்களைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த நாட்களில் தாழ் அலாரத்தை 80க்கு மேல் வைத்து, மாத்திரை, ஊசி அளவை முன்னதாகவே டாக்டரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். மது அருந்திய ராத்திரியும், வழக்கத்தைவிட அதிகம் உழைத்த நாளின் ராத்திரியும் இதே வகைதான், இறக்கம் பல மணி நேரம் கழித்து வரும்.

விமானத்தில் ஏர்ப்ளேன் மோடு போட்டதும் ப்ளூடூத்தை மறுபடி ஆன் செய்யுங்கள்.

ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப அடித்தால்

வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை 3 மணிக்கே அடிக்கிறது என்றால் கோளாறு அலாரத்தில் இல்லை, மருந்தளவில் இருக்கிறது. அதற்கு அலாரம் எண்ணை இறக்கி வைப்பது தீர்வல்ல. ஆப்பில் 14 நாள் அறிக்கையைத் திறந்து, 70க்குக் கீழே இருந்த நேரம் 4 சதவீதத்துக்கு உள்ளே, அதாவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறதா என்றும், 54க்குக் கீழே 1 சதவீதத்துக்கு உள்ளே, அதாவது கால் மணி நேரத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயதானவர்களுக்கு 70க்குக் கீழே இருக்கும் நேரமே 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டியிருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள். அறிக்கையோடு மூன்று விவரங்களையும் கொண்டுபோங்கள்: ராத்திரி ஊசி எத்தனை மணிக்கு, எத்தனை யூனிட், இரவுச் சாப்பாடு என்ன, எத்தனை மணிக்கு, அலாரம் அடித்தபோது மீட்டர் என்ன காட்டியது.